ஆஃப்செட்டைத் தொடும் முன்: பட்டறைத் தரத்துக்கு வேண்டிய அடிப்படைப் புள்ளியியல்

சிஎன்சி லேத்தில் ஒரு ஷாஃப்ட் கடைகிறீர்கள். டிராயிங்கில் விட்டம் 30.000 மி.மீ., டாலரன்ஸ், அதாவது அனுமதித்த விலகல், கூட்டல் கழித்தல் 0.020. அளந்தால் 30.007 வருகிறது. கை தானாக ஆஃப்செட் பக்கம், அதாவது டூலின் நிலையைத் திருத்த மெஷினில் பதியும் எண் பக்கம், போகிறது, 7 மைக்ரான் (0.007 மி.மீ.) குறைக்கிறீர்கள். அடுத்த பீஸ் 29.996. சரி, 4 கூட்டுவோம். இப்படி ஷிப்ட் முழுக்க பீஸுக்குப் பீஸ் திருத்திக்கொண்டே இருக்கும் ஆபரேட்டரை நிறைய சூப்பர்வைசர்கள் அக்கறையுள்ள ஆள் என்று மெச்சுகிறார்கள். அவருடைய அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் திருத்தம்தான் ரிஜெக்ஷனை உண்டாக்குகிறது. எவ்வளவு உண்டாக்குகிறது என்பதைக் கீழே கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன்.

ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்து உற்பத்திப் பிரிவிலோ குவாலிட்டியிலோ புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூட்டல், கழித்தல், வகுத்தல், ஒரு கால்குலேட்டர் போதும். மேலே சொன்ன ஷாஃப்டையே கட்டுரை முழுக்க உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். எந்த மெஷினும் ஒரே அளவை அப்படியே திரும்பத் தராது. கடையும் உலோகப் பாரின் கடினம் இடத்துக்கு இடம் மாறுகிறது, கூலன்ட் சூடு ஏறி இறங்குகிறது, பாரைப் பிடிக்கும் சக்கின் பிடி ஒரு இழை கூடக் குறைய இருக்கிறது, சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் பேரிங்கிலும் துளி அசைவு உண்டு. இந்தச் சின்னச் சின்னக் காரணங்கள் எப்போதும் இருப்பவை. இவற்றால் வரும் ஏற்றத்தாழ்வு அந்த மெஷினின் இயல்பு. இவை பொதுக் காரணங்கள். இன்செர்ட்டின் (டூலில் பொருத்தும் வெட்டுத் துண்டின்) முனை உடைவது, சக் ஜா (சக்கின் பிடிதாடை) தளர்வது, வேறு லாட் (வேறு தொகுப்பில் வந்த) பார் வந்து சேர்வது எல்லாம் வேறு வகை. குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட காரணத்தால் நடப்பவை. இவை தனிக் காரணங்கள். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. தனிக் காரணத்தைத் தேடிப் பிடித்து நீக்கலாம். பொதுக் காரணத்தால் வந்த ஏற்றத்தாழ்வைப் பீஸுக்குப் பீஸ் துரத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

இந்தப் பிரிவினையைச் செய்ய ஒரு படம் போதும் என்று காட்டியவர் வால்டர் ஷூஹார்ட். அமெரிக்காவில் டெலிபோன் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்த இயற்பியலாளர். 1924 மே 16 அன்று தன் மேலதிகாரிக்கு அனுப்பிய ஒரு பக்கக் குறிப்பில் முதல் கன்ட்ரோல் சார்ட்டை, அதாவது அளவுகளை நேர வரிசையில் புள்ளிகளாக வைத்து மேலும் கீழும் எல்லைக் கோடு போட்ட படத்தை, வரைந்து காட்டினார். நூறு ஆண்டு தாண்டியும் அந்தப் படத்தின் அடிப்படை மாறவில்லை.

முதல் படி: அளக்கும் கருவியைச் சோதியுங்கள்

புதியவர்கள் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். அளவு தப்பு என்றால் அதன் மேல் போடும் கணக்கு முழுவதும் தப்பு.

நம் ஷாஃப்டின் மொத்த டாலரன்ஸ் 40 மைக்ரான். கருவியின் லீஸ்ட் கவுண்ட், அதாவது அது காட்டக்கூடிய மிகச்சிறிய அளவு, அதில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அப்படியானால் 4 மைக்ரான் அல்லது அதைவிட நுட்பமாக வேண்டும். 20 மைக்ரான் லீஸ்ட் கவுண்ட் உள்ள வெர்னியர் காலிபர் இங்கே உதவாது. 1 மைக்ரான் காட்டும் டிஜிட்டல் மைக்ரோமீட்டர், 25–50 மி.மீ. வகை, எடுத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் தொடக்கத்தில் 25 மி.மீ. செட்டிங் ஸ்டாண்டர்டை வைத்து ஜீரோ சரிபாருங்கள். இரண்டு முகங்களையும் துடையுங்கள். ராட்செட்டை (அளவான அழுத்தத்தில் நழுவும் முனைக் குமிழை)த் திருப்பித்தான் பிடியுங்கள், திம்பிளை (சுழலும் உருளையை) முறுக்கி இறுக்காதீர்கள்.

அடுத்து ஆட்களைச் சோதியுங்கள். பத்து பீஸ் எடுத்து எண் போடுங்கள். இரண்டு பேர், ஒருவர் அளவை மற்றவர் பார்க்காமல், ஒவ்வொரு பீஸையும் இரண்டு தடவை அளக்கட்டும். ஒரே பீஸில் நான்கு அளவுகளும் 3, 4 மைக்ரானுக்குள் ஒத்துப்போனால் நம்பி மேலே போகலாம். 10 மைக்ரான் விலகுகிறது என்றால் மெஷினை விட்டுவிட்டு அளக்கும் முறையை முதலில் சரிசெய்யுங்கள். ஆட்டோமொபைல் துறையில் இதையே முறைப்படி ஒரு ஆய்வாகச் செய்கிறார்கள். அளவிடுவதில் வரும் சிதறல் டாலரன்ஸில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 30 சதவீதத்தைத் தாண்டினால் ஏற்கத்தக்கதல்ல என்பது அங்கே உள்ள வழக்கம்.

வெப்பத்தையும் மறந்துவிட வேண்டாம். டிராயிங்கில் உள்ள அளவு 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய அளவு. எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் ஏறக்குறைய 11.5 மைக்ரான் நீளும். 30 மி.மீ. ஷாஃப்ட் மெஷினிலிருந்து 20 டிகிரி கூடுதல் சூட்டோடு வந்தால் விட்டம் கிட்டத்தட்ட 7 மைக்ரான் பெரிதாகக் காட்டும். அதுவே டாலரன்ஸில் ஆறில் ஒரு பங்கு. நம் ஊர் மே மாத மதியத்தில் ஏசி இல்லாத ஷெட்டில் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு சுலபமான வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: கடைந்த பீஸை மைக்ரோமீட்டர் இருக்கும் மேசையிலேயே குறிப்பிட்ட நேரம் ஆறவிட்டு, எப்போதும் அதே நேரம் கழித்து அளப்பது. எத்தனை நிமிடம் என்பதைவிட ஒவ்வொரு முறையும் அதே இடைவெளி என்பது முக்கியம்.

இரண்டாம் படி: ஐந்து ஐந்தாக எடுங்கள்

ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை, மெஷினிலிருந்து அடுத்தடுத்து வரும் ஐந்து பீஸ்களை எடுத்து அளந்து எழுதுங்கள். இந்த ஐந்தும் சேர்ந்தது ஒரு தொகுதி. இப்படி 25 தொகுதி சேர்ந்தால் 125 அளவுகள் கையில் இருக்கும். அவசரப்பட்டு ஒரே நாளில் முடிக்காதீர்கள். மூன்று நான்கு நாட்கள் ஓடட்டும், ஷிப்ட் மாற்றம், இன்செர்ட் மாற்றம், பார் மாற்றம், காலை குளிர்ந்த மெஷினை ஓட்டத் தொடங்குவது எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

ஏன் அடுத்தடுத்த ஐந்து? அந்தச் சில நிமிடங்களில் பெரிதாக எதுவும் மாறியிருக்காது. ஆகவே தொகுதிக்குள் தெரியும் சிதறல் பொதுக் காரணங்களால் மட்டும் வந்தது, மெஷினின் இயல்பான அசைவு. ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏதாவது மாறினால் அது அந்த இயல்போடு ஒப்பிடும்போது தனியாகத் தெரியும். கன்ட்ரோல் சார்ட்டின் மூளை இருப்பது இங்கேதான், பிறகு வரும் கணக்கில் இல்லை.

இதைக் கெடுக்கும் தவறு ஒன்றை அடிக்கடி பார்க்கலாம். இரண்டு மெஷின்களில் ஒரே ஷாஃப்ட் ஓடும், இரண்டும் ஒரே டிரேயில் விழும், குவாலிட்டி ஆள் டிரேயிலிருந்து கைக்கு வந்த ஐந்தை எடுப்பார். ஒரு மெஷின் கொஞ்சம் பெரிதாகவும் இன்னொன்று கொஞ்சம் சிறிதாகவும் கடைந்தால் அந்த வித்தியாசம் தொகுதிக்குள்ளேயே புகுந்துவிடும். சிதறல் பெரிதாகும், எல்லைக் கோடுகள் அகலமாகும், புள்ளிகள் எல்லாம் நடுக்கோட்டை ஒட்டியே அழகாக வரும். அந்தச் சார்ட் எதையும் காட்டிக்கொடுக்காது. ஆகவே மெஷினுக்கு ஒரு சார்ட். இரண்டு ஸ்பிண்டில் இருந்தால் ஸ்பிண்டிலுக்கு ஒன்று. ஒரே அடியில் நான்கு பீஸ் தரும், நான்கு கேவிட்டி (அச்சுக்குழி) உள்ள பிளாஸ்டிக் மோல்டிலும் இதே கதைதான்.

எழுதும்போது முழு எண்ணையும் எழுதிக் கை வலிக்க வேண்டாம். 30.000-லிருந்து எத்தனை மைக்ரான் விலகல் என்று மட்டும் எழுதுங்கள். 30.006 என்றால் +6, 29.998 என்றால் −2. நேரம், ஆபரேட்டர், அந்த மணி நேரத்தில் என்ன நடந்தது ஆகிய மூன்றையும் ஓரத்தில் எழுதுங்கள். ‘இன்செர்ட் திருப்பியது’, ‘கரண்ட் போய் வந்தது’, ‘புது பார் லாட்’ என்று இரண்டு வார்த்தை போதும். பிறகு காரணம் தேடும்போது இந்த ஓரக் குறிப்புதான் காப்பாற்றும்.

மூன்றாம் படி: சார்ட்டுக்கு முன் ஒரு டாலி

125 அளவுகளையும் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். எந்த மைக்ரானில் எத்தனை பீஸ் விழுந்தது என்று பார்த்தாலே ஒரு வடிவம் தெரியும். நடுவில் குவிந்து இரண்டு பக்கமும் சரிந்தால் நல்லது. இரண்டு மேடு தெரிந்தால் இரண்டு மெஷினோ இரண்டு லாட்டோ கலந்திருக்கிறது. +20-ஐ ஒட்டி ஒரு குவியல் இருந்து, அதற்கப்பால் ஒரு பீஸ்கூட இல்லை என்றால் அந்த எண்களைச் சந்தேகியுங்கள். +21, +22 வந்ததை யாரோ பயந்து +20, +19 என்று எழுதியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அப்படி எழுதியவரைத் திட்டிப் பயனில்லை. உண்மையான எண்ணை எழுதினால் ஏச்சு விழும் என்று தெரிந்த இடத்தில் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். மேலாளராக இருப்பவர்களுக்கு ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்: எல்லைக்கு வெளியே வந்த எண்ணை எழுதிய ஆபரேட்டருக்கு முதலில் நன்றி சொல்லுங்கள். பயத்தை விரட்டு என்பதை எட்வர்ட்ஸ் டெமிங் தன் 14 கொள்கைகளில் ஒன்றாக வைத்தது காரணமில்லாமல் இல்லை. அவர் 1950-ல் ஜப்பானியப் பொறியாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் இந்தப் புள்ளியியலைக் கற்றுத்தந்தார். மறுவருடமே அங்கே அவர் பெயரில் ஒரு விருது ஏற்பட்டது. அந்த டெமிங் விருதை இந்தியாவில் முதலில் வாங்கியது சென்னை சுந்தரம் கிளேட்டனின் பிரேக்ஸ் பிரிவு, 1998-ல். டிவிஎஸ் மோட்டார் 2002-ல் வாங்கியது.

நான்காம் படி: எல்லைகளைக் கணக்கிடுங்கள்

ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு எண் வேண்டும்: சராசரி, வீச்சு. வீச்சு என்றால் அந்த ஐந்தில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தது. நம் முதல் தொகுதி +6, −2, +9, +3, +7 என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 23, சராசரி 4.6, வீச்சு 11. இரண்டாவது 0, +8, +1, +13, +5. கூட்டுத்தொகை 27, சராசரி 5.4, வீச்சு 13. இப்படி 25 தொகுதிக்கும் போட்டபின், சராசரிகளின் சராசரி 4 மைக்ரான், வீச்சுகளின் சராசரி 12 மைக்ரான் வந்தது என்று கொள்வோம்.

சராசரிகளைப் புள்ளிகளாக வைத்து ஒரு சார்ட், வீச்சுகளை வைத்து இன்னொரு சார்ட் என்று இரண்டு வரைய வேண்டும். அவற்றின் எல்லைகளுக்கும் சிக்மாவுக்கும் ஐந்து பீஸ் தொகுதிக்கு மூன்று மாறிலிகள் தேவை: 0.577, 2.114, 2.326. புள்ளியியல் அட்டவணையிலிருந்து வருபவை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

சராசரிச் சார்ட்டின் எல்லை: 0.577 × 12 = 6.9. மேல் எல்லை 4 + 6.9 = 10.9. கீழ் எல்லை 4 − 6.9 = −2.9.
வீச்சுச் சார்ட்டின் மேல் எல்லை: 2.114 × 12 = 25.4. கீழ் எல்லை பூஜ்யம்.
மெஷினின் சிக்மா, அதாவது சராசரியைச் சுற்றி அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் திட்ட விலக்கம்: 12 ÷ 2.326 = 5.16 மைக்ரான்.

தொகுதிக்கு நான்கு பீஸ்தான் எடுக்க முடிகிறது என்றால் மாறிலிகள் 0.729, 2.282, 2.059. மூன்று பீஸ் என்றால் 1.023, 2.574, 1.693.

எக்செலில் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 125 எண்களையும் தேர்ந்தெடுத்து திட்ட விலக்க ஃபார்முலாவைப் போட்டு, அதிலிருந்து எல்லைகளைக் கணக்கிடாதீர்கள். அந்த எண்ணுக்குள் தொகுதிகளுக்கு நடுவில் நடந்த மாற்றங்களும் சேர்ந்துவிடும். பிடிக்க வேண்டிய திருடனையும் குடும்பத்தில் ஒருவனாக எண்ணிச் சோறு போட்ட மாதிரி ஆகிவிடும். எல்லைகள் எப்போதும் வீச்சுகளின் சராசரியிலிருந்துதான் வர வேண்டும்.

இன்னொன்று, இது மிக முக்கியம். சராசரிச் சார்ட்டில் டிராயிங்கின் +20, −20 கோடுகளைப் போடவே கூடாது. அந்தச் சார்ட்டில் இருப்பவை ஐந்து பீஸின் சராசரிகள். டிராயிங் பேசுவது ஒவ்வொரு தனிப் பீஸையும் பற்றி. சராசரி 15 என்றால் ‘20-க்குள் இருக்கிறதே’ என்று நிம்மதியாகிவிடுவீர்கள், ஆனால் அந்த ஐந்தில் ஒன்று 23-ல் இருக்கலாம். டாலரன்ஸ் வாடிக்கையாளர் கேட்பது, கன்ட்ரோல் எல்லை மெஷின் சொல்வது. இரண்டும் வேறு வேறு.

ஐந்தாம் படி: சார்ட்டைப் படியுங்கள், வீச்சிலிருந்து தொடங்கி

முதலில் வீச்சுச் சார்ட்டைப் பாருங்கள். வீச்சு நிலையாக இல்லை என்றால் சராசரியின் எல்லைகளுக்கே அர்த்தம் இல்லை, அவை வீச்சிலிருந்துதான் வந்தன.

வீச்சு எல்லையைத் தாண்டினால் பெரும்பாலும் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது அல்லது கலந்திருக்கிறது: சக் ஜா, டெயில்ஸ்டாக், டர்ரெட் லாக், ஸ்பிண்டில் பேரிங், இரண்டு லாட் மெட்டீரியல், இல்லாவிட்டால் மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியாத புது ஆள். வீச்சு சரியாக இருந்து சராசரி மட்டும் நகர்ந்தால் முழு அமைப்பும் ஒரே பக்கமாகத் தள்ளிப்போயிருக்கிறது: ஆஃப்செட் தவறு, இன்செர்ட் தேய்மானம், மெஷின் சூடேறுவது, மைக்ரோமீட்டரின் ஜீரோ நகர்ந்தது.

எப்போது விழிக்க வேண்டும் என்பதற்குப் புத்தகங்களில் நிறைய விதிகள் இருக்கின்றன. புதியவருக்கு நான் மூன்றுதான் சொல்வேன். ஒரு புள்ளி எல்லைக்கு வெளியே. அடுத்தடுத்து எட்டு புள்ளிகள் நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில். அடுத்தடுத்து ஆறு புள்ளிகள் ஏறிக்கொண்டே அல்லது இறங்கிக்கொண்டே. எதுவும் மாறாத மெஷினில் எட்டு புள்ளிகள் தற்செயலாக மேல் பக்கமே விழ 256-இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. ஆகவே அதை அசட்டை செய்ய முடியாது. எல்லா விதிகளையும் ஒரே சமயத்தில் சாஃப்ட்வேரில் போட்டுவிட்டால் பொய் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும், ஒரு வாரத்தில் யாரும் சார்ட் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

புள்ளி வெளியே போனால் என்ன செய்வது? ஆஃப்செட்டைத் தொடாதீர்கள். மெஷினை நிறுத்துங்கள். அதே ஐந்து பீஸையும் மறுபடி அளங்கள். மைக்ரோமீட்டரின் ஜீரோவைப் பாருங்கள், பாதி அலாரம் இங்கேயே அடங்கிவிடும். பிறகு இன்செர்ட்டின் முனை, ஜா, கூலன்ட், பார் லாட் என்று போங்கள். கடைசியாகச் சரியாக இருந்த புள்ளிக்கும் இந்தப் புள்ளிக்கும் நடுவில் கடைந்த பீஸ்கள் அத்தனையையும் தனி டிரேயில் சிவப்பு டேக் போட்டு ஒதுக்கி, ஒவ்வொன்றாக அளந்து பிரியுங்கள். காரணம் கிடைத்ததும் அதைச் சரிசெய்து, சார்ட்டின் ஓரத்தில் எழுதுங்கள். எல்லை போடும் முதல் 25 தொகுதியிலேயே இப்படி ஒரு புள்ளி வந்து காரணமும் தெரிந்தால், அந்தத் தொகுதியை நீக்கிவிட்டு எல்லைகளை மறுபடி போடுங்கள். காரணம் தெரியவில்லை என்றால் நீக்காதீர்கள்.

இன்செர்ட் தேய்மானத்தைத் தனியாகப் பேச வேண்டும். வெளிவிட்டம் கடையும்போது இன்செர்ட் தேயத் தேய ஷாஃப்ட் பெரிதாகிக்கொண்டே போகும், போரிங்கில் துளை சிறிதாகும். இது எதிர்பார்த்த ஏற்றம். சார்ட்டிலிருந்து அந்த ஏற்றத்தின் வேகத்தை எடுங்கள். 100 பீஸுக்கு 5 மைக்ரான் ஏறுகிறது என்று தெரிந்தால், 100 பீஸ் முடிந்ததும் வேர் ஆஃப்செட்டில் (தேய்மானத்துக்கான ஆஃப்செட்டில்) விட்டக் கணக்கில் 5 மைக்ரான் குறைக்க வேண்டும் என்று எழுதி ஒட்டிவிடுங்கள். இந்தத் திருத்தத்தை நான் எதிர்க்கவில்லை. அதற்கு ஆதாரம் இருக்கிறது.

பீஸுக்குப் பீஸ் திருத்தினால் எவ்வளவு நஷ்டம்

தொடக்கத்தில் சொன்ன கணக்குக்கு இப்போது வரலாம். மெஷின் நிலையாக ஓடுகிறது, தேய்மானம் போன்ற ஏற்றம் எதுவும் இல்லை, சராசரி சரியாக 30.000-ல் நிற்கிறது, சிக்மா 5.16 என்று வைத்துக்கொள்வோம். யாரும் கை வைக்காவிட்டால் டாலரன்ஸ் எல்லையான 20 மைக்ரான் நடுவிலிருந்து 3.88 சிக்மா தள்ளி இருக்கிறது. வழக்கமான மணி வடிவப் பரவலில் அதற்கு வெளியே போவது 10,000 பீஸுக்கு ஏறக்குறைய ஒன்று.

இப்போது நம் அக்கறையுள்ள ஆபரேட்டர் ஒவ்வொரு பீஸின் விலகலையும் முழுதாக ஆஃப்செட்டில் திருப்பிப் போடுகிறார். போன பீஸ் +7 என்றால் அந்த 7 மெஷினின் இயல்பான அசைவு, அடுத்த பீஸுக்கு அது தொடராது. ஆனால் அவர் போட்ட −7 தொடரும். ஆக அடுத்த பீஸில் அதன் சொந்த அசைவோடு போன பீஸின் அசைவும் தலைகீழாகச் சேர்ந்துவிடுகிறது. இரண்டு சம அசைவுகள் சேரும்போது சிதறலின் வர்க்கம் இரட்டிப்பாகும், சிக்மா 1.41 மடங்காகும். 5.16 இப்போது 7.3. டாலரன்ஸ் எல்லை 2.74 சிக்மாவில் வந்து நிற்கிறது. வெளியே போவது 10,000-க்கு ஏறக்குறைய 60.

ஒன்று அறுபதாகிவிட்டது. மெஷின் அதேதான், இன்செர்ட்டும் பாரும் அதேதான். கூடுதலாக வந்தது உழைப்பு மட்டும். டெமிங் ஒரு புனலையும் ஒரு கோலியையும் வைத்து இதைத் தன் வகுப்புகளில் செய்து காட்டுவார். உங்கள் ஷெட்டிலும் செய்து காட்டலாம்: ஐம்பது பீஸ் ஆஃப்செட்டைத் தொடாமல், அடுத்த ஐம்பது பீஸ் ஒவ்வொன்றுக்கும் திருத்தி. இரண்டுக்கும் டாலி போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் யாரும் வாதம் செய்ய மாட்டார்கள்.

ஆறாம் படி: மெஷினால் முடியுமா என்று கேளுங்கள்

சார்ட் நிலையாக இருக்கிறது என்றால் மெஷின் சொன்ன சொல் மாறாமல் ஓடுகிறது என்று அர்த்தம். டிராயிங் கேட்பதைத் தருகிறதா என்பது வேறு கேள்வி. அதற்குத்தான் சிபி (Cp), சிபிகே (Cpk).

சிபி என்றால் மொத்த டாலரன்ஸை ஆறு சிக்மாவால் வகுப்பது: 40 ÷ (6 × 5.16) = 1.29. சிபிகே என்றால் சராசரியிலிருந்து பக்கத்தில் இருக்கும் எல்லை வரை உள்ள தூரத்தை மூன்று சிக்மாவால் வகுப்பது. நம் சராசரி +4-ல் இருக்கிறது, பக்கத்து எல்லை +20: 16 ÷ 15.48 = 1.03.

இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். சிபி நன்றாக இருந்து சிபிகே குறைந்தால் மெஷின் நல்லது, நடுவில் நிற்கவில்லை. நம் ஷாஃப்டில் வேர் ஆஃப்செட்டை ஒரே ஒரு தடவை 4 மைக்ரான் குறைத்தால் போதும், சிபிகேயும் 1.29 ஆகிவிடும். 125 அளவுகளின் பலத்தில் செய்யும் திருத்தம் இது, ஒரு பீஸைப் பார்த்துச் செய்ததல்ல. ஆட்டோமொபைல் வாடிக்கையாளர்கள் பொதுவாக 1.33 கேட்பார்கள், முக்கியமான அளவுகளுக்கு 1.67 கேட்பதும் உண்டு. 1.29-லிருந்து 1.33-க்குப் போக ஆஃப்செட் உதவாது, சிக்மாவையே குறைக்க வேண்டும்: ஜாக்களை மறுபடி போர் செய்வது, கூலன்ட் சூட்டைக் கட்டுப்படுத்துவது, கடைசி வெட்டுக்கு எப்போதும் ஒரே ஆழம் விடுவது போன்ற வேலைகள். இதற்கு நேரமும் பணமும் ஒதுக்க வேண்டியது முதலாளி. ஆபரேட்டரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டு சிபியை ஏற்ற முடியாது.

சார்ட் நிலையாக இல்லாதபோது சிபிகே கணக்கிட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பாதீர்கள். நாளைக்கு எப்படி ஓடும் என்றே தெரியாத மெஷினுக்கு அந்த எண் ஒரு வாக்குறுதி, காப்பாற்ற முடியாத வாக்குறுதி.

அளக்க முடியாமல் எண்ண மட்டும் முடிந்தால்

எல்லா வேலையிலும் மைக்ரோமீட்டர் கிடைக்காது. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஃபவுண்டரி ஒன்றில் பம்ப் கேசிங் ஊற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 200 காஸ்டிங், புளோஹோலால் (வார்ப்புக்குள் காற்று சிக்கி விழும் ஓட்டையால்) போவது சராசரியாக 4 சதவீதம், அதாவது ஒரு நாளைக்கு 8. ஒரு நாள் 14 போகிறது. மறுநாள் காலையில் மோல்டிங் ஆட்களை வரிசையில் நிற்கவைத்து விசாரணை நடக்கும். அடுத்த நாள் 5 போனால் ‘கேட்டதும் எப்படிக் குறைந்தது பார்’ என்பார்கள்.

கணக்கைப் பார்ப்போம். 8-ஐ, நல்லதாக வரும் பங்கான 0.96-ஆல் பெருக்கினால் 7.68, அதன் வர்க்கமூலம் 2.77, இதுதான் இங்கே சிக்மா, அதன் மூன்று மடங்கு 8.3. மேல் எல்லை 8 + 8.3 = 16.3. கீழே பூஜ்யம். அதாவது எதுவுமே மாறாமல் ஓடினாலும் இந்த ஃபவுண்டரியில் ஒரு நாள் 14 போகும், இன்னொரு நாள் 5 போகும். 14 போன நாளுக்கென்று தனிக் காரணம் தேடினால் கிடைக்காது, கிடைத்ததாக நினைத்து எதையாவது மாற்றினால் அது கெடுதல். 17 போனால் அன்றைக்கே தேடுங்கள்: மணல் ஈரம், உலோகத்தின் சூடு, புது பைண்டர் லாட்.

4 சதவீதமே அதிகம் என்று தோன்றினால், நியாயம். ஆனால் அந்த நான்கை இரண்டாக்க ஒரு நாளின் கணக்கைத் துருவிப் பயனில்லை. மூன்று மாத ரிஜெக்ஷனையும் குறையின் வகை வாரியாகப் பிரித்து, பேட்டர்ன் (மணல் அச்சு எடுக்கும் மாதிரி) வாரியாகப் பிரித்து, எது அதிகம் என்று வரிசைப்படுத்துங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு பேட்டர்னில்தான் பாதி குவிந்திருக்கும். அவற்றின் கேட்டிங் (உலோகம் பாயும் வழி), வென்ட் (காற்று வெளியேறும் வழி) இவற்றை மாற்றிப் பாருங்கள். மாற்றம் பலித்ததா என்பதற்கு அதே சார்ட்டில் அடுத்தடுத்து எட்டு நாள் நடுக்கோட்டுக்குக் கீழே வருகிறதா என்று பாருங்கள்.

எல்லைகளை எப்போது மாற்றுவது

மாதம் பிறந்ததும் எல்லைகளைப் புதிதாகப் போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது வேண்டாம். மெஷின் மெதுவாகக் கெட்டுக்கொண்டே போனால் எல்லைகளும் அதோடு சேர்ந்து அகன்றுகொண்டே போகும், சார்ட் கடைசிவரை வாயைத் திறக்காது. தெரிந்தே ஒன்றை மாற்றியபோது மட்டும் மாற்றுங்கள்: ஸ்பிண்டில் பேரிங் புதிதாகப் போட்டது, இன்செர்ட் கிரேடு மாற்றியது, வேறு மெட்டீரியல், வேறு மைக்ரோமீட்டர். மாற்றிய தேதியில் சார்ட்டில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, அதற்குப் பிறகு வரும் 25 தொகுதியிலிருந்து புது எல்லைகளைக் கணக்கிடுங்கள். அந்த 25 சேரும்வரை பழைய எல்லைகளையே வைத்துப் பாருங்கள். பேரிங் மாற்றியது உண்மையில் பலித்திருந்தால் வீச்சுப் புள்ளிகள் பழைய சராசரியான 12-க்குக் கீழே தொடர்ந்து விழும், எட்டாவது புள்ளியிலேயே அது தெரிந்துவிடும்.